ரத்தம் வரட்டும் என்று ஜெபித்தேன்

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் என்னோடு முழங்கால் போட்டவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு கடலூர் முதுநகரில். ஓல்டு டவுன் என்பதைச் சுருக்கி ஊர்க்காரர்கள் ஓ.டி. என்போம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். போன தவக்காலத்தில் அவருக்கு மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போக ஆரம்பித்தது. உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகுமாம். மேலிருந்து ட்யூப் விட்டார்கள், கீழிருந்து விட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எங்கே கசிகிறது என்று மட்டும் தெரியவில்லை. ரத்தம் ஏற்ற ஏற்ற இறங்கியது. இவரைப் பறிகொடுத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

ரத்தம் நிற்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொன்னோம். நின்றது. பரிசோதனைக்குப் போகிற அன்றெல்லாம் சரியாக நின்றது. வீடு திரும்பினால் மறுபடி கறுப்பு.

கடைசியில் சிதம்பரத்தில் ஆபரேஷன் என்று முடிவானது. முந்தின நாள் டாக்டரம்மா சொன்னார்: "குடலுக்குள்ள லைட் வச்ச கேமராவ விட்டு அங்குலம் அங்குலமா பாப்போம். அந்த நேரம் ரத்தம் கசிஞ்சாதாம்மா எடம் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் நாங்களே அல்லவா நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்பியத் தலைவி லூர்து அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, நாளைக்கு ரத்தம் நிக்கணும்னு யாரும் கேக்காதீங்க. வரணும்னு கேளுங்க."

"புருஷனுக்கு ரத்தம் வரணும்னு எவளாச்சும் ஜெபம் பண்ணுவாளாடி?"

"நான் பண்ணுவேன். நீங்க பண்ணலன்னா போங்க."

எனக்கு வாய் ஜாஸ்தி. தெருவுக்கே தெரியும்.

காலையில் நர்ஸ் வந்து, "ஓ.டி.க்குக் கொண்டு போறோம்" என்றார். ஆபரேஷன் தியேட்டரைச் சொல்கிறார் என்று புரியாமல், "வீட்டுக்கா?" என்று கேட்டார் இவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாசலில் உட்கார்ந்தேன். ஆண்டவரே, ரத்தம் வரட்டும். சொல்லவே பயமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

மதியம் டாக்டரம்மா வெளியே வந்தார். "தியேட்டர் லைட்ட அணைச்சிட்டுப் பாத்தோம். சிறுகுடல் நடுவுல கடுகாட்டம் ஒரு எடம். நாங்க பாக்கறப்பவே கசிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. வெட்டி எடுத்துத் தச்சிட்டோம்."

அதற்குப் பிறகு கறுப்பு இல்லை. இப்போது சேத்தியாத்தோப்பு வரை சவாரி போகிறார். லூர்து அக்காவும் அன்று நான் சொன்னபடியே ஜெபித்தாராம், பிறகுதான் சொன்னார். பெருமையாகத்தான் சொல்கிறேன், என் ஆண்டவரைப் பற்றியும், கொஞ்சம் என்னைப் பற்றியும். முன்பு மனப்பாடமாக ஜெபிப்பேன். இப்போது விசாரித்துவிட்டுத்தான் முழங்கால் போடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். என்ன நடக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அதை அப்படியே ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்கக் கூடாத வார்த்தையாகத் தோன்றினாலும் கேளுங்கள். அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.