பூக்காரரின் ரப்பர் முத்திரை

"நான் முத்திரை குத்தின தோட்டா எதுவும் ஒருத்தன் முதுகைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்காது."

தோட்டாச் சோதனைக்கூடத்தின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் இப்படி அருளினார். பலமாகக் கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. கூடத்தில் பூக்காரர். காவலர்களுக்கு வாங்கப்போகும் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துச் சான்று தருவது உத்தியோகம். அதில் மூக்கில் குழி வைத்த தோட்டா என்றால் அவருக்கு உயிர். சாதாரணத் தோட்டா உடம்புக்குள் ஊசிபோல நுழைந்து மறுபக்கம் போய்விடும். பின்னால் நிற்கிற அப்பாவிக்கும் ஒரு பங்கு வைக்கும். குழிமூக்கு அப்படியல்ல. சதையின் ஈரம் குழிக்குள் பாய்ந்து முட்ட, சுவர் வெளிப்பக்கம் பிதுங்கும். செம்பு உறையில் முன்பே கீறி வைத்த கோடுகளில் ஆறு இதழாகப் பிளந்து மடங்கும். அகலமானதும் வேகம் செத்து உள்ளேயே நின்றுவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் வலக்கையைக் குவித்து மெல்ல விரித்து, "பூ மாதிரி" என்பார். கல்யாண வீட்டிலும் விரிப்பார், துக்க வீட்டிலும் விரிப்பார். ஆறாவது இதழுக்கு விரல் போதாததைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

சோதனைக்கு உடம்பு வேண்டுமே. அதற்கு ஜெலட்டின் பொடியைத் தண்ணீரில் கரைத்து, குளிர்பெட்டியில் உறையவைத்து, தலையணை அளவு பாளமாக எடுத்து வைப்பாள் ஒருத்தி. அவள் பாளக்காரி. பூக்காரர் அந்த மொழுமொழு பாளத்தைச் சுட்டு, இதழ் விரிந்த தோட்டாவைத் தோண்டியெடுத்து, கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு வெல்வெட் மேல் வைப்பார். விரியாமல் போனது 'சுட்டதில் கோளாறு' என்ற பட்டத்தோடு பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். முடிவை எழுதிக் கை வலிக்கக் கூடாதென்று 'விரிந்தது' என்று ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தார். 'விரியவில்லை' என்பதற்கு முத்திரை இல்லை. அப்படியொரு தேவை எழும் என்று நினைப்பதே அவருக்கு அவமானம்.

இந்தத் தடவை இரண்டு தோட்டாக்கள் போட்டிக்கு வந்தன. ஒன்று அகலமாக வாய் பிளந்த அழகி. இன்னொன்றின் குழியில் சிவப்பு ரப்பர் அடைப்பு. இரண்டாவதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "குழியை அடைச்சு வச்சா அது குழியா? மூக்கடைப்பு வந்தவன் மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி ஒதுக்கிவிட்டார். அழகிக்குத் திங்கட்கிழமை முத்திரை விழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். மருமகன் காவலர், ரயில் நிலைய வாசலில் நிற்பவர். அவர் நிற்கும் இடத்துக்கு நேரெதிரே, வாசலைத் தாண்டிப் பத்தடியில், மகள் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல். வருகிறவர் எல்லாரும் இருவருக்கும் நடுவில்தான் நடந்தாக வேண்டும்.

"மாமா, ஒரு சந்தேகம். இந்தக் குளிருக்கு வர்றவன் பூரா தடிக் கோட்டுதான் போட்டிருக்கான். கோட்டு மேல சுட்டா உங்க பூ விரியுமா?"

"மாப்ள, நீங்க வாசல்ல நிக்கிற வேலையைப் பாருங்க. விரியற வேலையைத் தோட்டா பாத்துக்கும்."

"இல்ல மாமா, நான் சுட்டா நேரே இவ ஜன்னல்தான்."

மகள் சிரித்தாள். "பரவால்லங்க, அப்பா முத்திரை குத்தியிருக்காருல்ல. குண்டு அதைப் படிச்சுட்டு நின்னுடும்."

பூக்காரர் கையைக் குவித்தார். ஏனோ விரிக்கவில்லை. இரண்டாம் முறை சாதம் கேட்கவும் இல்லை. அவர் வரலாற்றில் அது முதல் தடவை.

திங்கட்கிழமை காலையில் பாளக்காரியிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்: "ஏம்மா, கோட்டு போர்த்திச் சுட்டுப் பாக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா உனக்கு?"

"ஒன்பது வருஷமாத் தோணுது சார். துணி ஒட்டினா பாளம் அழுக்காயிடும், படம் நல்லா வராதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அம்மணமா வர்ற திருடனுக்குத்தானே சார் நம்ம சோதனையெல்லாம்."

அவர் தன் கோட்டைக் கழற்றினார். கம்பளிக் கோட்டு, மனைவி வாங்கிக் கொடுத்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பது சாயங்காலத்துப் பிரச்சினை. பாளத்துக்குப் போர்த்தி, அழகியைச் சுட்டார்.

பாளத்துக்குள் தோட்டா இல்லை. நேர்கோடாக ஒரு துளை மட்டும் இருந்தது. பின்னால் அடுக்கியிருந்த பழைய டெலிபோன் புத்தகங்களைப் புரட்டி, மூன்றாவது புத்தகத்திலிருந்து அதை எடுத்தார். மூக்கு விரியாமல், பெட்டியில் வந்தபடியே வட்டமாக இருந்தது. குழி நிறையக் கம்பளி. ஈரம் புக இடமில்லாதபோது சுவர் எதற்குப் பிதுங்கும்?

"சுட்டதில் கோளாறு" என்றார்.

பாளக்காரி அடுத்த பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு பாளம் தயாராக வைத்திருந்தாள், பாவி. ஐந்து தடவை சுட்டதில் நான்கு புத்தகத்துக்குப் போயின. கோட்டு சல்லடையாயிற்று. ஆறாவது பாளத்துக்கு அவராகவே மூக்கடைப்பை எடுத்தார். கம்பளி உள்ளே புகாமல் ரப்பர் தடுத்தது. பாளத்தில் முட்டியதும் அந்த ரப்பரே உள்ளே நசுங்கிச் சுவரைப் பிளந்தது. கோணல்மாணலாக, மிதித்த தக்காளி போல விரிந்து, பாளத்துக்குள்ளேயே நின்றது.

பூக்காரர் மேஜைக்கு வந்தார். அழகியின் படிவத்தை முன்னால் இழுத்தார். முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, அப்படியே திரும்ப வைத்தார். பேனாவைத் தேட வேண்டியிருந்தது. பழக்கமில்லாத சொல்லை எழுதுகிறவரின் நிதானத்தோடு, எழுத்து எழுத்தாக எழுதினார்:

'விறியவில்லை.'

தோளுக்கு மேலாகப் பாளக்காரி எட்டிப் பார்த்தாள்.

"சின்ன ரி சார்."

அவர் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.