தன் பெயருக்கு நேரே சிவப்பு மை

இன்று காலை ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வெள்ளத்தாயம்மாவைச் சந்தித்தேன். அறுபத்து நாலு வயது. இன்னும் மைக்ராஸ்கோப் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்ட சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து 1983-ல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர் வெள்ளத்தாய். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் அட்டையைப் புதுப்பிப்பார். கிடைத்ததெல்லாம் தற்காலிக வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் யாராவது நீண்ட லீவு போட்டால் கூப்பிடுவார்கள். எண்பத்தொன்பதாம் நாள் நிறுத்திவிடுவார்கள். தொண்ணூறு ஆனால் நிரந்தரம் கேட்பார்களாம்! எட்டு வருடம் இப்படியே ஓடியது.

1991-ல் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது. உடல்தகுதிச் சான்றோடு பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.

அப்போதும் அதே ஆஸ்பத்திரியில் ஒரு லீவு இடத்தில்தான் இருந்தார். மூன்று வாரமாக இருமல்.

“எதுக்கும் சளியைப் பார்த்துருங்கம்மா. நீங்களே பார்த்து எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றார் டாக்டர் சம்பத்குமார். அங்கே சளி பார்க்க வேறு ஆள் கிடையாது.

தன் சளியைத் தானே கண்ணாடியில் தடவினார். சாயம் ஊற்றி, சூடு காட்டி, கழுவி, லென்சுக்கடியில் வைத்தார். நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். எத்தனையோ பேருக்குப் பார்த்துச் சொன்ன அதே காசநோய்க் கிருமி.

கூட்டிப் பெருக்க வந்த இசக்கியம்மாள் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

“ஏட்டி, இல்லைன்னு எழுது. யாருக்குத் தெரியப்போவுது? வேலையில சேர்ந்துட்டுப் பொறவு மாத்திரையைத் தின்னு. எட்டு வருசமா இந்தக் காயிதத்துக்குத்தான தவங்கிடந்த?”

வெள்ளத்தாய் பதிவேட்டை ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். மாரிசாமி, மகாராஜபுரம். மில் தொழிலாளி. “இல்லைன்னு எழுதிரு தாயி, மில்லுல தெரிஞ்சா நிப்பாட்டிருவான்” என்று போன வாரம் அவர் கெஞ்சியபோது இவர் மாற்றி எழுதவில்லை.

“அவரு அம்புட்டு அழுதும் நான் எழுதலையே யக்கா. எனக்குன்னா மட்டும் எப்படி எழுத?”

“நல்லா வெளங்குவ போ!” துடைப்பத்தைப் போட்டுவிட்டு இசக்கியம்மாள் வெளியே போய்விட்டாள்.

நோய் இருந்தால் முடிவைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். வெள்ளத்தாய் தன் பெயரை எழுதினார். பேனாவை மாற்றினார்.

அவகாசம் கேட்டு மனுப் போட்டார். பதில் வரவில்லை. பட்டியலில் அடுத்திருந்தவர் அந்த இடத்தில் சேர்ந்துவிட்டார்.

மருந்து வாங்கும் வரிசையில் முன்னால் நின்றது மாரிசாமி!

“என்ன தாயி, எனக்கு எழுதின கையோட உனக்கும் எழுதிக்கிட்டியா?”

சிரிக்கப் போய் இரண்டு பேருக்கும் இருமல் வந்துவிட்டது.

“மில்லுல என்ன சொன்னாவ அண்ணே?”

“நிப்பாட்டிட்டான். உனக்கு?”

“எனக்குந்தான்.”

மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும். இருவரும் பிழைத்தார்கள். நிரந்தர வேலை மட்டும் வெள்ளத்தாய்க்கு அப்புறம் வரவே இல்லை. 1993-லிருந்து இந்தத் தனியார் லேப்தான்.

“வருத்தம் இருக்காம்மா?”

“இருக்காதா பின்ன?” என்றார், ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு வாரத்துக்கு மேலாக இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவருக்கு இதை அனுப்புங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளி பார்க்கக் காசு கிடையாது. முடிந்தால் கூடவே போய்வாருங்கள்.