மொட்டைத் தலையும் முழுக்கைச் சட்டையும்

…அப்புறம் என்ன, ஜப்பானுக்குக் கிளம்பின மூன்று பேரும் மீனம்பாக்கத்தைத் தாண்டாமலே குப்பத்துக்குத் திரும்பி வந்திருக்க வேண்டியது! எல்லாம் நான் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மொட்டை பண்ணின வேலை. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அந்தக் கூடையை ஓரமாகத் தள்ளுங்கள், ஈரம் படும். படகு கரைக்கு வருவதற்குள் முதலிலிருந்து சொல்கிறேன்.

வாராவாரம் என் பேச்சைக் கேட்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு ஆட்களைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை. பெரிய மகள் ஸ்டெல்லா, தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ரெக்ஸ், ஜப்பானில் ஏதோ ஒரு ஊரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அவன் இங்கிருந்து கிளம்பும்போது பிள்ளை வயிற்றில். அந்தப் பிள்ளைதான் ஜோவின். நாங்கள் கிளம்பும்போது அவனுக்கு மூன்று வயது ஆகப் போகிறது, அதுவரைக்கும் அப்பாவைப் பார்த்ததெல்லாம் ஃபோனில்தான். 'ஃபோன் அப்பா' என்றுதான் சொல்வான். சின்ன மகள் மெர்சி. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். இப்போதே சிரிக்கிறாள், பாருங்கள்.

ரெக்ஸுக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்று மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தது. நான் பெசன்ட் நகர் மாதா கோயிலில் போய் நின்றேன். 'விசா வரட்டும் தாயே, என் பேரன் முடியை உனக்குத் தருகிறேன்' என்றேன். விசா வந்துவிட்டது! ஸ்டெல்லாவுக்கு, பிள்ளைக்கு, கூடமாட உதவிக்கு எனக்கும் கொஞ்ச நாள் விசா. சொன்ன வாக்கைக் கடல் தாண்டி எடுத்துக்கொண்டு போகலாமா? கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மொட்டை.

அதுவரைக்கும் அந்தத் தலையில் கத்திரிக்கோல் பட்டதில்லை. தோள் வரைக்கும் சுருட்டை முடி. மழித்துச் சந்தனம் பூசினதும்... உரித்த நுங்கு மாதிரி இருந்தான்.

மெர்சிதான் முணுமுணுத்தாள். "பாஸ்போர்ட் போட்டோல சுருட்ட முடி கீதேம்மா?"

"முடி போனா மூஞ்சி மாறிடுமாடி? போ, கருவாட்ட எடுத்தாந்து குடு."

ஆமாம், கருவாடு. நெத்திலிக் கருவாடு. "ஜப்பான்ல மீனா இல்ல?" என்று நீங்கள்கூட அன்றைக்குக் கேட்டீர்கள். மீன் இருக்கிறது. நம் கரையில் காய்ந்த நெத்திலி இருக்கிறதா? பிளாஸ்டிக் கவர் மேல் கவர் போட்டுச் சுற்றி, பெரிய பெட்டியின் அடியில் வைத்தேன். அதற்கும் அடியில், பத்திரமாக இருக்கட்டும் என்று, வீட்டு முக்கியமான காகிதங்கள் எல்லாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அதில்தான். பத்திரம் என்றால் நமக்குப் பெட்டியின் அடிதானே?

ஏர்போர்ட்டில் பெட்டி பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது. ஸ்டெல்லா, அங்கே குளிர் என்று ரெக்ஸ் பயமுறுத்தினதால், மணிக்கட்டில் பட்டன் வைத்த தடியான முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். எனக்குப் புதுச் செருப்பு கடித்தது. அதுதான் பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற கவுன்ட்டரில் ஒரு பெண் அதிகாரி. நல்ல முகம். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ஜோவினைப் பார்த்தார். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"யாரோட குழந்தை?"

"என் பையன் மேடம்" என்றாள் ஸ்டெல்லா.

"போட்டோல வேற மாதிரி இருக்கே?"

"வேண்டுதல் மேடம். மொட்டை."

"அப்பா வரலையா?"

"அவருகிட்டதான் மேடம் போறோம்."

மேடம் கவுன்ட்டருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கண்ணா, உங்க அம்மா எங்க? காட்டு பாக்கலாம்."

ஜோவின் கொஞ்சமும் யோசிக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "தோ... அம்மா!"

"அப்ப இவங்க யாரு?"

"அக்கா."

மேடத்தின் சிரிப்பு போய்விட்டது.

இதில் பிள்ளையின் தப்பு என்ன? வீட்டில் மெர்சி என்னை அம்மா என்கிறாள். ஸ்டெல்லாவும் அம்மா என்கிறாள். ஸ்டெல்லாவை மெர்சி அக்கா என்கிறாள். சந்துப் பிள்ளைகள் எல்லாம் அக்கா என்கிறார்கள். காலையில் 'அக்கா வேலைக்குப் போவுது', சாயங்காலம் 'அக்கா வந்துச்சு'. அவனும் அதையேதான் பிடித்துக்கொண்டான். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே... உங்கள் பேரன் உங்கள் மருமகளை 'அண்ணி' என்றுதானே ரொம்ப நாள் கூப்பிட்டான்? ஸ்டெல்லா மட்டும் அப்பப்போ கெஞ்சுவாள், "டேய், நான்தான்டா அம்மா." நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

கவுன்ட்டரில் யாரும் சிரிக்கவில்லை.

"பாஸ்போர்ட்ல அம்மா பேர் உங்க பேர்தான். ஆனா இது அந்தப் பையன்தானா? பர்த் சர்ட்டிஃபிகேட் எடுங்க."

"பெட்டில கீது மேடம்."

"பெட்டி எங்க?"

"போய்டுச்சு மேடம்."

"ஃபோன்ல இவன் போட்டோ இருக்கும் இல்ல? காட்டுங்க."

காலையிலிருந்து பொம்மைப் படம் காட்டித்தான் பிள்ளையைச் சமாளித்தோம். ஃபோன் செத்துக் கிடந்தது. சார்ஜர்? அதுவும் நெத்திலியோடு. என் ஃபோனோ பட்டன் ஃபோன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? "மேடம், நான்தாம்மா வளத்தேன். பொறந்ததுலேந்து எங்கிட்டதான் கீறான். இது வேலைக்குப் பூடும்..."

"நீ வாய மூடும்மா!" என்று சீறினாள் ஸ்டெல்லா.

"அம்மா!" என்று சந்தோஷமாகச் சொல்லி என் காலைக் கட்டிக்கொண்டான் ஜோவின்.

பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருத்தராக முத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். போகிறபோது ஒரு பார்வை. பிள்ளை பிடிக்கிறவர்களைப் பார்க்கிற பார்வை. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தெரு சுற்றியிருக்கிறேன், அப்படி ஒரு பார்வை யாரும் என்னைப் பார்த்ததில்லை.

மேடம் எழுந்து வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரோ ஒரு பிள்ளையை யாரோ கொண்டுபோய்விடக் கூடாது என்றுதானே அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்? என்னை இந்தக் கோடியிலும் ஸ்டெல்லாவை அந்தக் கோடியிலும் உட்கார வைத்து, நடுவில் பிள்ளையை இறக்கிவிட்டார்.

எங்கே ஓடுவான்? என்னிடம்தான் ஓடி வந்தான்.

மற்ற நாளாக இருந்தால் அவனை அள்ளி எடுத்திருப்பேன். அன்றைக்கு என் கை இரண்டையும் மடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். 'அங்க போடா, அங்க போ' என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் என் மடியில் ஏறிக்கொண்டான்.

எங்கள் விமானத்துக்கு அறிவிப்பு வந்தது. ஸ்டெல்லா சத்தமில்லாமல் அழுதாள். பிறகு மேடத்தை நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டாள்.

"என் வயித்துல பொறந்தவன் மேடம். அவன் கூப்புடாட்டி நான் அம்மா இல்லியா?"

இத்தனை நாள் நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அவளுக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும்?

இன்னொரு அறிவிப்பு. பிள்ளை கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். மதியத் தூக்க நேரம் தாண்டிவிட்டது. என் மடியில் நெளிந்தான், இறங்கினான். தள்ளாடிக்கொண்டே ஸ்டெல்லாவிடம் போனான். போய் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"கை... கை தா..."

இழுக்கிறான், வரவில்லை. பட்டன் போட்ட கை. காலை உதைத்துக்கொண்டு அழுகிறான். "கை தா அக்கா!"

மேடம் குனிந்தார். "என்ன கேக்கறான்?"

ஸ்டெல்லா மணிக்கட்டுப் பட்டனைப் பிய்த்தாள். நிஜமாகவே பிய்த்தாள், அது தரையில் உருண்டு ஓடியது. சட்டையை மேலே சுருட்டிக் கையை நீட்டினாள். ஜோவின் மடியில் ஏறி, வாயில் ஒரு கட்டை விரலைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அவள் முழங்கையைத் தேடினான். முழங்கை மூட்டுக்கு மேலே தொளதொளவென்று கொஞ்சம் தோல் இருக்குமே... அதை இரண்டு விரலில் பிடித்து நிமிண்ட ஆரம்பித்தான். விசும்பல் நின்றது. கண் சொக்கியது.

"பொறந்ததுலேந்து இப்டிதான் மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "இது இல்லாம தூங்க மாட்டான். அதுக்கோசரம் நான் அரைக்கைதான் போடுவேன். இன்னிக்கிதான்..."

"என் கையக் குடுத்தா தள்ளி உட்ருவான் மேடம்" என்றேன் நான். "செதிலு மாரி சொரசொரன்னு கீதாம்."

மேடம் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டைத் தூங்குகிற முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அசைந்துகொண்டே இருந்த முகத்தில் பிடிபடாதது தூங்குகிற முகத்தில் பிடிபட்டிருக்க வேண்டும். அதே மூக்கு, புருவத்து ஓரத்தில் அதே மச்சம்.

"எம் பொண்ணுக்குத் தலகாணி உறையோட முனை" என்றார். "துவைக்கவே விடமாட்டா."

முத்திரை விழுந்த சத்தம் இருக்கிறதே... அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

பாஸ்போர்ட்டை நீட்டும்போது மட்டும் சொன்னார். "அங்க இறங்கறதுக்குள்ள அம்மான்னு கூப்பிடப் பழக்குங்க. ஜப்பான்காரங்க கேட்டா, முழங்கைய காட்டிட்டு நிப்பீங்களா?"

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடிப் போய் விமானத்தைப் பிடித்தோம். மேகத்தைப் பார்த்தேனா? அவர்கள் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டேனா? ஒன்றும் ஞாபகம் இல்லை. இடையில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாறினோம். அங்கே தரையே நடக்கிறது! அதைக்கூட ரசிக்க முடியவில்லை. அடுத்த கவுன்ட்டரில் என்ன கேட்பார்கள் என்றே நினைப்பு.

வழி பூராவும் பாடம்தான். "இது யாரு? அம்மா. நான் யாரு? ஆயா. சொல்லு."

"அக்கா" என்பான் அவளைக் காட்டி. "அம்மா" என்பான் என்னைக் காட்டி. முத்து மாதிரி சிரிப்பு வேறு.

கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. அவன் "அம்மா" என்றால் நான் திரும்பக் கூடாது.

"அம்மா, தண்ணி."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தாள்.

"அம்மா, மூச்சா."

ஜன்னலைப் பார்த்தேன். ஸ்டெல்லா தூக்கிக்கொண்டு போனாள்.

"அம்மா... அம்மா... யம்மா!"

என் தாடையைப் பிடித்துத் திருப்பப் பார்த்தான். பிஞ்சு விரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் அழுதான். ஸ்டெல்லா என்னைப் பார்த்து, "போதும் உடும்மா, பாவமா கீது" என்றாள். எனக்கு மட்டும் பாவமாக இல்லையா? ஆனால் அந்தப் பெயரை நான் வைத்துக்கொண்டே இருந்தால், அவள் எப்போது வாங்கிக்கொள்வது?

இறங்கினோம். ஜப்பான் கவுன்ட்டர். அத்தனை கூட்டம், ஒரு சத்தம் இல்லை. எங்கள் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பையன். ஜோவினின் மொட்டையைப் பார்த்தான். எனக்கு உயிரே இல்லை. தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை! ஸ்டெல்லாவும் பிள்ளையும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

மாட்டிக்கொண்டது யார்? நான்.

விரலை மிஷினில் வைக்கச் சொன்னான். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு விளக்கு. மீன் ஆய்ந்து ஆய்ந்து ரேகை எல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. அவன் ஈரத்துணி கொடுத்தான், என் விரலைத் தானே பிடித்து அழுத்தினான். சிவப்பு. அவன் என்னவோ சொல்கிறான், எனக்குப் புரியவில்லை. நான் தமிழில் சொல்கிறேன், அவனுக்குப் புரியவில்லை. இன்னொரு ஆளைக் கூப்பிடக் கையை உயர்த்தினான். அந்தப் பக்கம் பார்த்தால் ஸ்டெல்லா நகர்ந்துகொண்டே போகிறாள்.

அப்போது அந்த அமைதியான இடம் பூராவும் அதிர ஒரு சத்தம் கேட்டது.

"அம்மா! ஆயாவ உட்டுட்டு வந்துட்டியே! அம்மாவ்!"

ஸ்டெல்லாவின் தோளில் இருந்துகொண்டு, அவள் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்புகிறான். திரும்பிய அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைத் தேடுகிறாளா, தன்னைக் கூப்பிட்டதைக் கேட்டு நிற்கிறாளா, தெரியவில்லை. சிலை மாதிரி நின்றாள்.

எனக்கு ஒரே சிரிப்பு. ஒரு பக்கம் கண்ணில் தண்ணீர். கவுன்ட்டர் பையன் பயந்துபோய் என் விரலை இன்னொரு தடவை வைத்து அழுத்தினான். பச்சை விளக்கு!

வெளியே ரெக்ஸ் நின்றான். ஜோவின் அவனையும், அவன் கையில் இருந்த ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தான். "ஃபோன் அப்பா வெளிய வந்துட்டாரு" என்று என் காதில் ரகசியம் சொன்னான்.

விசா முடிகிறவரைக்கும் இருந்தேன், வந்துவிட்டேன். கருவாடு? நான் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது. இப்போது அங்கே ஸ்டெல்லாதான் அம்மா, சந்தேகமே இல்லை. மொட்டையில் முடி வளர்ந்து மறுபடியும் சுருள ஆரம்பித்துவிட்டதாம். தினமும் இந்த நேரத்துக்கு மெர்சியின் ஃபோனில் கூப்பிடுவான். என்னை என்ன என்று கூப்பிடுகிறான், தெரியுமா?

'ஃபோன் ஆயா'.

அட, பேச்சு சுவாரசியத்தில் பாருங்கள், படகு கரை ஏறிவிட்டது. அந்தக் கூடையை இப்படிக் கொடுங்கள். ஏலம் விடுவதற்குள் போய் நிற்க வேண்டும். நடுவில் அவன் கூப்பிட்டால், மெர்சியோடு சேர்ந்து நீங்களும் பேசிக்கொண்டிருங்கள்... ஃபோன் ஆயா மீன் எடுக்கப் போயிருக்கு, வைக்காதே என்று சொல்லுங்கள்!