இரண்டாம் கவாத்து

எனக்கு நெய்வேலி பிடிக்காமல் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. குன்னூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வெயில் ஒன்றே போதும். அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு, ஈரச் சாக்கில் சுற்றிய நான்கு குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கே வந்து இறங்கினேன். என் கணவர் சுரங்கத்தில் ஃபிட்டர். பண்ருட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தொழிற்பயிற்சியில் என் அண்ணனோடு ஒன்றாக இருந்தவர். மாப்பிள்ளை பெர்மனென்ட், குவார்ட்டர்ஸ் உண்டு என்று சொல்லித்தான் அண்ணன் என்னைக் கட்டிக் கொடுத்தான். வெயிலைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்தக் குச்சிகள் ஹைட்ரேஞ்சியா. அப்பா குன்னூரில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பெயர் அவர் வாயில் நுழையாது. வீட்டில் எல்லோரும் குண்டுப்பூ என்போம். ஒரு கொத்து இரண்டு கைக்குள் அடங்காது, அவ்வளவு நீலம். குவார்ட்டர்ஸின் பின்புறம், முன்பு அங்கே கிராமம் இருந்த காலத்துப் பலாமரம் ஒன்று வெட்டுப்படாமல் நின்றது. அதன் நிழலில் ஊன்றினேன். மூன்று குச்சி செத்துப்போய் ஒன்று பிழைத்தது. சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் குழாயில் தாராளமாக வரும். அதைக் குடித்துக் குடித்து இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. பூ மட்டும் வரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்பினேன். செடி முழுக்கப் புதுத் தளிர். இந்த முறை பூக்கும் என்று காத்திருந்தேன். சித்திரை வந்தது, உடம்பெல்லாம் வேர்க்குரு வந்தது, பூ வரவில்லை. குன்னூரில் ஒரு ஃபேக்டரியில் மாப்பிள்ளைக்கு வேலை சொல்லி வைக்கட்டுமா என்று அண்ணன் எழுதியிருந்தான். அன்றைக்கு வெடித்துவிட்டேன்.

“என் செடியே இங்க பூக்க மாட்டேங்குது. நான் எப்படிங்க இருப்பேன்?”

அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு வருசம் டைம் குடு. அதுக்குள்ள ஒரு பூ பூக்கலன்னா, வேலைய எழுதிக் குடுத்துட்டு உங்க ஊருக்கே வந்துடறேன்.”

பெர்மனென்ட் வேலையை ஒரு செடியை நம்பிப் பந்தயம் வைத்த மனுஷர் அந்த டவுன்ஷிப்பிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அதன் பிறகு செடிக்கு நடந்த உபசாரத்தைக் கேட்க வேண்டுமே! “உங்க ஊரு குளிரு இல்லாம ஏங்கிக்கினு கெடக்குது” என்று, சோடாக் கடையிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். பாதி வழியிலேயே உருகிவிடும். மிச்சத்தைச் செடியின் தூரைச் சுற்றி வைப்பார். எனக்கு ஒரு சர்பத்துக்காவது கொடுங்கள் என்று கேலி செய்வேன்.

அடுத்த தை மாதம், அவருடைய வார ஓய்வு நாள். கத்தியைத் தீட்டிக்கொண்டு செடியின் முன் உட்கார்ந்தார். நான் கொல்லைக் கதவைத் திறப்பதற்குள் பாதிச் செடி கீழே கிடந்தது.

“என்னங்க இது?”

“கவாத்து. போன வருசம் நீ ஊருக்குப் போயிருந்தப்பவும் பண்ணேன். தையில கவாத்து பண்ணாம வுட்டா மல்லி பூக்குமா? எங்க வூட்டு மல்லித் தோட்டத்த வந்து பாரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மல்லி புதுத் தளிரில் பூக்கும். குண்டுப்பூ அப்படியல்ல. போன வருஷத்துக் குச்சியின் நுனியில்தான் இந்த வருஷத்து மொட்டு இருக்கும். வாடிய பூவைக் கிள்ளலாமே தவிர, குச்சியில் கத்தி வைக்கக் கூடாது. ஏழு வயதிலேயே எனக்குத் தெரிந்த விஷயம். சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொல்லாவிட்டால் பூக்காது, பூக்காவிட்டால் குன்னூர். மீதிச் செடியையும் அவர் வெட்டி முடிக்கிற வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் அவருக்குக் காபி போட்டேன்.

அந்த வருஷம் முழுக்க, ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் அவர் இலைகளை விலக்கி விலக்கிப் பார்ப்பார். அதைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸை நீட்டுவேன். இருந்தும் சொல்லவில்லை. என் பிடிவாதம் அப்படி.

மறுபடி பொங்கல் வந்து போனது. ஒரு மத்தியானம் அவர் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனபின், அலமாரியில் அண்ணனுக்கு அவர் எழுதிய இன்லண்ட் லெட்டர் ஒன்று ஒட்டாமல் கிடந்தது. ஒட்டாத லெட்டரைப் படிக்காமல் விடுகிற நல்ல குணம் எனக்கு இல்லை.

சித்திரை கழிந்ததும் வந்துவிடுகிறோம், வேலைக்குச் சொல்லி வை என்று எழுதியிருந்தார். பூத்தாலும் வருகிறோம், பூக்காவிட்டாலும் வருகிறோம், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கிளம்புவதற்குள் அந்தச் செடி ஒரே ஒரு பூ பூத்துவிட்டால் போதும், இந்த ஊரில் அவள் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுகூட இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பூவைத் தன் வேலைக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். எனக்காகக் கேட்டிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு என் முகத்தையே பிடிக்கவில்லை. இரவு அவர் வந்து லெட்டரைத் தேடியபோது, நானே ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்றேன்.

அந்த வாரமே ஓய்வு நாளில் மறுபடி கத்தியைத் தீட்டினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “இந்தத் தடவை வெட்டாம விட்டுத்தான் பாருங்களேன்” என்றேன். காரணத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பங்குனியில் ஒரு காலை, ஷூ போட்ட காலோடு வீட்டுக்குள் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். பலா நிழலில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரே ஒரு கொத்து. அதுவும் நீலமில்லை, ரோஸ். வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்பு அந்த மண்ணில் நிறைய; சுண்ணாம்பு மண்ணில் குண்டுப்பூ ரோஸாகத்தான் பூக்கும்.

அவர் அதைத் தொடவே பயந்தார். பிறகு முகம் மாறியது. “வெட்டாம வுட்டதாலதான் பூத்துதா? அப்ப ரெண்டு வருசமா நான்தான் பூக்க வுடாம வெட்டிக்கினு இருந்திருக்கேனா?”

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

“முதல் தடவை வெட்டினது நீங்க. ரெண்டாவது தடவை வெட்டினது நான்தாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பார்த்துட்டு நின்னேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவர் நகரவில்லை.

“அப்ப உங்க அண்ணனுக்குப் போட்ட லெட்டரு?” என்று கேட்டார்.

“அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்.”