காதை மடக்கிய குதிரை

நான் சவாரி போகும் பெட்டைக் குதிரைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதுகில் ஆள் இருக்கும்போது இன்னொரு குதிரை பக்கத்தில் வரக் கூடாது. வந்தால் இரண்டு காதையும் மடக்கிக் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கு சுருங்கும், வாயோரம் இழுபடும், கண்ணில் வெள்ளை தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். வந்தது விலகாவிட்டால் கடிக்கக் கழுத்தை நீட்டும், இல்லையென்றால் பின்னங்காலைத் தூக்கும். சேணத்தைக் கழற்றிவிட்டால் போதும், அதே குதிரையோடு உரசிக்கொண்டு புல் மேயும். லாயத்தில் கூட இருக்கும் வெள்ளைக் குதிரை துணைக்கு வராவிட்டால் லாயத்து வாசலைத் தாண்டவும் மாட்டாள். இப்படியொரு ராங்கிக்காரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, எங்கள் வீட்டைத் தவிர.

இலங்கையில், அரநாயக்கப் பக்கத்து மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றி, வருகிறவர்கள் தேயிலைக்குள் சவாரி போகட்டும் என்று குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். குதிரை பார்க்க ஆள் வேண்டும் என்றதும் நான் போய் நின்றேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவளுக்குக் குதிரை பழகுவது ஒன்றும் பெரிய காரியமாக இருக்கவில்லை. விழுந்தேன், எழுந்தேன், பழகிவிட்டேன். அட்டைக்கடியும் கங்காணியின் வாயும் இல்லாத வேலை என்பதே எனக்குப் பாதிச் சம்பளம்.

குதிரை ஏன் முகத்தைக் காட்டுகிறது என்று பார்க்க ஹோட்டல்காரர்கள் மிருக வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். அவர் முதுகைத் தடவி, பல்லைப் பார்த்து, சேணத்தையும் பார்த்துவிட்டு, நோவு எதுவும் இல்லை, இடைவெளி விட்டுப் போங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். கொழுந்து மலையில் நாங்களும் அப்படித்தானே இருந்தோம். ஆளுக்கொரு செடி நிரை, பின்னால் மேற்பார்க்கும் கங்காணி. பக்கத்து நிரைக்காரியின் கை என் செடிக்கு நீண்டால் நானும் அவளைக் கடித்துத் தின்பதுபோலத்தான் பார்ப்பேன். சாயந்தரம் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்ததும் அவள் அடுப்பில்தான் எங்கள் வீட்டுக் கறியும் கொதிக்கும்.

என் தங்கச்சியோடு மட்டும் அப்படிச் சமாதானமாகும் சாயந்தரம் வரவேயில்லை. நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவருடைய பேராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவில், இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவை விட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அப்பா இல்லை. அம்மா வேலையிலிருந்து ஓய்ந்து, மூட்டு வலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் பேர்தான் இருந்தது. நான் பங்களாவுக்குப் போனதும் அது வெட்டுப்பட்டது. தங்கச்சி அப்போது கேகாலையில் ஒரு பாமசியில் வேலை செய்துகொண்டிருந்தாள். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, மருந்துப் பெயரெல்லாம் அத்துப்படி. முதலாளி, அந்த ஊரில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் மனிதர், அவளை நம்பிக் கடையையே விட்டுவிட்டுத் தொழப் போவார். அவளைத்தான் அம்மா அழுது கூப்பிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டாள்.

நான் போனது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு வழி தெரிந்தது, போனேன். ஆனால் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மலைப் பாதையில் போகும்போது, அவள் நிரையில் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு முதுகைக் காட்டுவாள். அதே நேரம் பின்னால் வெள்ளை நெருங்கி, என் குதிரையும் காதை மடக்கும். இரண்டு கோபத்துக்கும் நடுவில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

அம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம் பாமசி முதலாளியிடமிருந்து போன் வந்தது. திருவிழா முடியும்வரை பார்ப்பதாகவும், அதற்குப் பிறகும் அவள் வராவிட்டால் வேறு பிள்ளையை எடுக்கப் போவதாகவும் சொன்னாராம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள். தங்கச்சி இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் சொல்வது? அவள் போக வேண்டுமென்றால் என் பேர் மறுபடி செக்ரோலுக்குப் போக வேண்டும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதனால் மூன்று பேரும் அரிசி விலையைப் பற்றிப் பேசினோம்.

எங்கள் தோட்டத்தில் அம்மன் தேர் புறப்படும் முன்னால் காவல் தெய்வமான முனியின் குதிரை எல்லை சுற்றி வர வேண்டும். மரக் குதிரை ஒன்றைத் தோளில் தூக்கிப் போவார்கள். போன மழைக்கு அதன் கால்கள் உளுத்துவிட்டன. பங்களாவில்தான் உயிருள்ள குதிரை இருக்கிறதே, அதைக் கேட்போம் என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். ஹோட்டல் மேனேஜரும் சரி என்றார். முனி குதிரையில் பொம்பளையா என்று கோயில் தலைவர்மார் முணுமுணுத்தார்கள். அவர்கள் அனுப்பிய ஆம்பிளை ஒத்திகையின்போது சறுக்கிக் கொய்யாமரத்தடியில் விழுந்தார். அதற்குப் பிறகு முணுமுணுப்பு நின்றது.

வெள்ளை இல்லாமல் இவள் நகர மாட்டாள் என்பதால் அதையும் கூட்டிப்போனோம். அதைப் பிடித்து வந்தவர் என்னோடு லாயத்தில் வேலை செய்யும் சிங்கள அண்ணன். நிறைய இடைவெளி விட்டு வரும்படி அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஹரி நங்கி, ஹரி" என்றார், சரி தங்கச்சி என்று. ஊர்க்காரர்களிடமும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தப்பு மேளச் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது.

பகல் சாய்கிற நேரம். லயங்களைச் சுற்றி, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம் தாண்டி, முனி கோயிலுக்குப் போகும் ஒற்றைப் பாதைக்கு வந்தோம். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான், மறு பக்கம் பள்ளம். வழி நெடுக ஆட்கள். அங்கேதான் தப்புக்காரர்கள் நின்று அடிக்கத் தொடங்கினார்கள். முன்னால் போக வழியில்லை. போனில் படம் எடுக்க வசதியாக இரண்டு குதிரையும் ஒட்டி நிற்கட்டும் என்று யாரோ வெள்ளையின் பின்புறத்தில் தட்டியிருக்கிறார்கள். அது நேராக வந்து என் குதிரையின் தொடையருகே மூக்கை வைத்தது.

இவள் காதை மடக்கினாள். பல் தெரிய வாயைக் கோணினாள். கழுத்தைப் பாம்புபோல நீட்டித் திருப்பினாள். என் காலுக்குக் கீழே அவள் முதுகு வில்லாக வளைவது தெரிந்தது.

கூட்டத்தின் கண்ணெல்லாம் அவள் முகத்தில் நின்றது. பிறகு ஒரு பெண் குலவையிட்டாள். முனி கோயில் மரத்தடியில் ஒரு மண் குதிரை இருக்கிறது. காது பின்னால் படுத்து, பல் வெளியே தெரிய, கண் பிதுங்க நிற்கும். எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து கும்பிட்ட முகம் அது. அந்த முகம் இப்போது உயிரோடு முன்னால் நின்றது. முனி வந்துவிட்டார் என்று கூட்டம் முழுக்கப் பேச்சு பரவியது. விலக வேண்டியவர்கள் நெருங்கி வந்தார்கள். தப்பு இன்னும் பலமாக அடித்தது. கற்பூரம், எலுமிச்சம்பழம், கும்பிட்ட கைகள். நான் விலகச் சொல்லிக் கத்தினேன். நான் கத்தக் கத்த, சாமி பேசுகிறது என்று இன்னும் நெருங்கினார்கள். குறி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் பயம் குதிரைக்குப் போகக் கூடாது என்று கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்தேன். அப்போதுதான் தங்கச்சியைப் பார்த்தேன்.

கற்பூரத் தட்டோடு வந்து, இரண்டு குதிரைக்கும் நடுவில், என் குதிரையின் பின்னங்காலுக்கு நேராக நின்றாள். அவள் பக்கம் இருந்த கால் மெல்ல எழும்பி மண்ணைத் தட்டியது. அந்தக் கால் ஒரு மூங்கில் கம்பத்தை முறித்ததை நான் பார்த்திருக்கிறேன். சிங்கள அண்ணன் வெள்ளையை இழுத்துப் பார்த்தார். பின்னால் நிற்கும் கூட்டம் விடவில்லை.

"சாமி" என்றாள் தங்கச்சி. மாதக்கணக்கில் என்னைக் கண்டால் சுளித்துத் திரும்பிய முகம், அண்ணாந்து நேராக என்னைப் பார்த்தது. "நான் இந்த மலையிலயே கெடக்கணுமா? கேகாலைக்குப் போகவா, வேணாமா?"

தப்பு நின்றது. சாமி பதில் சொல்லும்போது அடிக்க மாட்டார்கள்.

குறி கேட்டவர் பதில் வராமல் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. சாமி கும்பிடுகிற எங்கள் ஆட்களிடம் அது இரத்தத்தில் ஊறிய பழக்கம். பதில் கிடைத்தால்தான் பூசாரியிடம் திருநீறு வாங்க முன்னால் போவார்கள். தள்ளி நில் என்றால் அவள் தள்ளி நிற்கப் போவதில்லை. அவள் அங்கிருந்து நகர ஒரே வழி, நான் சொல்லும் பதில். வேண்டாம் என்றாலும் நகர்வாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் குதிரையும் மிஞ்சும், பங்களா வேலையும் மிஞ்சும். சாமியே சொல்லிவிட்டது என்று அவளும் வாயை மூடிக்கொண்டு காலம் முழுக்கக் கொழுந்து பறிப்பாள். வேண்டாம் என்கிற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

கற்பூரச் சுடர் அவள் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் தட்டை இறக்கவில்லை.

"கேகாலைக்குப் போ" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "வீட்டுக்கு உன் அக்கா பேர் குடுப்பா. அவ மலைக்கு வருவா. முன்னால போய்த் திருநீறு வாங்கு."

அவள் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முன்னால் போனாள். அவள் நகர்ந்த இடத்தில் வெள்ளை மூக்கை நுழைத்தது. என் குதிரை உதைத்தது. குளம்பு வெள்ளைக்கும் படாமல், யாருக்கும் படாமல், கான் ஓரத்தில் நட்டிருந்த வாழைமரத்தில் விழுந்து அதை இரண்டாக மடித்தது. ஊர்க் கண்ணேறு கழிந்தது என்று கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உதைத்த பயத்தில் கூட்டம் தானாகவே ஒதுங்கியது. கோயில்வரை குதிரையை நடத்தி, இறங்கி, மரத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அதையும் அருள் இறங்குவதாகச் சொல்லி ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சாமி வாக்கு சும்மா விடுமா? மறுநாளே லயம் முழுக்க என்னைப் பார்த்து, எப்போது மலைக்கு வருகிறாய் என்று கேட்டது. கங்காணி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அம்மா பழைய கூடையைக் கழுவி வெயிலில் வைத்தாள். நான் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பேர் கொடுத்தேன். ஹோட்டல் மேனேஜரிடம் சொன்னபோது, மத்தியானத்துக்குப் பிறகு வர முடிந்தால் வா, காலைச் சவாரிக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். காலைச் சவாரிதான் சவாரி. மத்தியானத்தில் மழை பெய்யும், லாயம்தான் கூட்ட வேண்டும்.

திருவிழா முடிந்து தங்கச்சி புறப்பட்டாள். அவள் பையை நான் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை போனேன். பாதி வழியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னது சாமி இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"கேக்க முந்தியே தெரியும். வீட்டுல கேட்டா நீ எந்திரிச்சு வெளிய போயிருவ. அதான் ஊரு முழுக்க நிக்கிற நேரமா வந்து கேட்டேன். அங்க பொய் சொல்ல ஒனக்கு வராது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குதிரைக் காலுக்கு நேராக நின்றாயே, செத்திருப்பாய் என்று திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அது ஒதைக்கும்னு தெரியும். நீ ஒதைக்க விட மாட்டன்னும் தெரியும்" என்றாள்.

பஸ் வந்தது. அவள் ஏறியதும் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வேண்டாம் என்கிற வார்த்தை அன்றைக்கு என் நாக்கு நுனிவரை வந்தது அவளுக்குத் தெரியாது.