தேசப்பன் அண்ணன் சொன்ன இடது கை

கமலா அக்காவின் போன் வந்தபோது ஆரம்பாக்கத்தில் மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா எங்கள் கரையில் ஐஸ் விற்பவர். "தேசப்பன் அண்ணன் பூட்டாருப்பா" என்றார். எந்த லாரி என்று கேட்டேன். சைக்கிள்காரர் செத்தால் வாயில் முதலில் வருவது அதுதானே. "லாரி இல்ல. நின்னுகினு இருந்த காரு" என்றார். எனக்கு விளங்கவேயில்லை. நின்ற கார் எப்படி ஆளைக் கொல்லும்? இரண்டு நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோட்டைக்குப்பத்துக்காரர். ஏரியில் வலை இழுத்தவர். தோள்பட்டை விட்டுப்போனதும் சைக்கிளில் மீன் விற்க வந்தார். அப்போது நானும் சைக்கிள்தான். பொன்னேரி சாலையில் இருவரும் ஊர் ஊராகப் போவோம்.

எங்கள் எல்லாரிடமும் ஒரே தவறு இருந்தது. கேரியரில் கட்டும் மீன் பெட்டி, மட்கார்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லையை மறைத்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. வருஷக்கணக்கில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை. வலை கிடக்கும் இடத்தைக் காட்டும் கொடியில் ஒட்டுகிற ரேடியம் பட்டையை எடுத்துப் பெட்டியின் முதுகில் முதலில் ஒட்டியவர் அண்ணன்தான். மீன் தண்ணீர் வடிந்து மங்கிவிடும் என்று தினமும் துண்டால் துடைப்பார். என் பெட்டியையும் துடைப்பார். "நீ பூட்டா என் வியாபாரத்துக்கு நல்லதுதான். இன்னா பண்றது, மனசு கேக்கல" என்று கிண்டல் வேறு.

ஒருமுறை லோடு வண்டி உரசி முள்வேலியில் விழுந்தார். கூடியவர்கள் டிரைவரை அடிக்கப் போனார்கள். அண்ணன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவனைக் கூப்பிட்டார். அவனும் குப்பத்துப் பிள்ளைதான். "ஒருத்தன் வலை மேல போட்டை ஏத்துவியா? வலைக்கு ஒரு பாகம் தள்ளிப் போறல்ல, ஆளுக்கும் ஒரு பாகம் வுடு" என்று இரு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்தக் கைவிரிப்புதான் ஒரு பாகம்; நாங்கள் வலையையும் ஆழத்தையும் அளப்பது அதில்தான். அதன்பின் லோடு வண்டிக்காரர்கள் அவரைக் கண்டால் "ஒரு பாகம்ணா" என்று குரல் கொடுத்து விலகிப் போவார்கள்.

நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வாங்கியதும் முதலில் ஏறியவர் அவர். கடைவீதியில் நிறுத்தி, வழக்கம்போல வலது கையால் கதவைத் தள்ளினேன். பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் மயிரிழையில் தப்பினார். என்னை வாய்நிறையத் திட்டிவிட்டுப் போனார். அண்ணன் என்னை இறங்கச் சொல்லி, என் இடத்தில் உட்கார்ந்து, கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தார். பிறகு சொன்னார்: "இடது கையால தொற. அந்தக் கை இந்தப் பக்கம் வரணும்னா ஒடம்பு திரும்பும். ஒடம்பு திரும்பினா கண்ணு தானா பின்னால போவும்."

எங்கள் ஊரிலுள்ள பழைய டச்சுக் கல்லறையைப் பார்க்கக் கார்களில் வருகிறார்களே, அங்கே வண்டி நிறுத்த இடம் காட்டுகிற ஆட்களிடம் இதைச் சொல்லிவைக்கச் சொன்னார். "ஓடுற வண்டிக்காரன் ஒதுங்குவான். நிக்கிற வண்டி எப்ப தொறக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். இடது கைப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஆட்களிடம் மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சோம்பேறித்தனம், வேறென்ன.

அவர் விழுந்தது அந்தக் கல்லறை மதிலோரம்தான். காரில் இருந்தவர் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்திருக்கிறார். அண்ணனின் தலை தார்ச்சாலையில் மோதியிருக்கிறது. பெட்டியில் ரேடியம் பட்டை துடைத்துப் பளபளவென்று இருந்ததாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நேற்று அடக்கம் முடிந்ததும் நேராக அங்கே போனேன். இடம் காட்டுகிற ஆளிடம், அண்ணன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. அந்த ஆள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, கையை ஆட்டி ஏதோ சொன்னார். உள்ளே ஒரு இடது கை கதவைத் தேடி வந்தது. முகம் திரும்பிச் சாலையைப் பார்த்தது. சாலையில் யாரும் வரவில்லை.

போய் வாருங்கள், அண்ணா. சொல்லிவிட்டேன். ஒரு நாள் பிந்திச் சொன்னேன்.