எண்ணிக்கை மட்டும் கேட்ட அண்ணன்

எங்கள் அண்ணன் தண்டபாணி திருவடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய நற்குணங்களை எழுதும்படி சொன்னார்கள். நானோ அவருடன் ஐந்து வருடம் பேசாதவள். என்னிடம் போய்க் கேட்டுவிட்டார்கள், உள்ளதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பாலசமுத்திரத்தில். இளமையிலேயே தகப்பனாரை இழந்து, கொடைக்கானல் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே குமாஸ்தாவானார். ஆங்கிலம் அத்துப்படி. அதனால் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அவரை மலைக்கு நிருபராக வைத்துக்கொண்டது. இங்கிருந்து நாலு வரி தந்தி அடித்தால் அது சென்னை, பம்பாய் வழியாக லண்டன் போய், உலகத்துப் பத்திரிகைகளுக்கும் ரேடியோக்களுக்கும் போகும். போட்டி நிறுவனத்தை முந்த வேண்டும். அதுதான் அவர்கள் சட்டம். முதலில் எண்ணிக்கை, பெயர்கள் பிறகு. அண்ணனுக்கு அந்த வேலையில் தலைகால் புரியாத பெருமை.

மலைப்பாதையில் பூண்டு லாரி உருண்ட அன்று, போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்து, ஏழு பேர் பலி என்று தந்தி கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மாலை ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது நான் என் வீட்டுக்காரருக்குக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ என்றுகூடச் சொன்னேன். அரை மணி கழித்து அண்ணன் வாசலில் வந்து நின்றார். ஏழு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எங்கிட்டக் கடைசியா வர்றீங்களாண்ணே?” என்றேன்.

“யாருன்னு தெரியாதும்மா. எத்தனை பேருன்னு மட்டும்தான் கேட்டேன்.”

அந்தப் பதிலை என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றோடு பேச்சை விட்டேன். என் பிள்ளைகளை அவர்தான் படிக்க வைத்தார். அதற்கும் வாய் திறக்கவில்லை. என் வீம்பு அப்படி.

அண்ணன் இறந்த அன்று துக்க வீட்டுக்கு, மலைச்சரிவில் உள்ள அடுக்கம் கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து அழுதார். மண்சரிவில் அவர் மகன் போனபோது, அண்ணன் அடுக்கம் வரை இறங்கிப்போய்ச் சொல்லி, உறவுக்காரர்கள் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் மலையேறித் தந்தி கொடுத்தாராம். மதினியிடம் விசாரித்தேன். என் வீட்டுக்காரருக்குப் பிறகு எல்லாச் சாவுக்கும் அப்படித்தானாம். மலையின் கோடியில் இருக்கும் கிளாவரைக்குக்கூட நடந்தே போயிருக்கிறார். போட்டிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்ள, நிறுவனம் அவரை நிறுத்திவிட்டது. ஒரே ஊரில் இருந்தும் எனக்கு இது ஒன்றும் தெரியாது.

அண்ணன் படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த பள்ளி ஊழியர்களுக்கும், மழையில் நடந்து வந்த அடுக்கத்து அம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நானும் தினம் வெள்ளனே ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மதினி கையில் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவேன். என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்படி மதினி அவரைக் கெஞ்சினாராம்.

“அவளா ஒரு வார்த்தை கேக்கட்டும், சொல்றேன்” என்பாராம் அண்ணன்.

நான் கேட்கவே இல்லை.